திராட்சை மட்டும் செய்யவில்லை

ஜூன் 11, புதன்

இது கேக் ஆர்டர் எழுதுகிற நோட்டு. முன்பக்கம் முழுக்க ‘முட்டை இல்லாமல் ஒரு கிலோ’, ‘பெயர் தமிழில்’ என்று கிடக்கிறது. பின்னாலிருந்து திருப்பிப் போட்டு இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னது ரெஹானா. ஸ்பீச் தெரபிஸ்ட். தேனியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பஸ் பிடித்துக் கம்பத்துக்கு வருகிற பெண். மூன்று கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். நேரம். அவர் சொன்ன சொல். அதற்கு நான் என்ன செய்தேன்.

“மூணாவது கட்டம் எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

“ஒரு வார்த்தைக்குப் பதில் கிடைச்சாத்தான்க்கா அடுத்த வார்த்தை வரும். நீங்க என்ன செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியணும்.”

எனக்குக் கட்டத்துக்குள் எழுத வராது. இஷ்டத்துக்கு எழுதிவிட்டுக் கட்டத்தைப் பிறகு நிரப்பிக்கொள்வேன்.

அவர் என்றால் என் கணவர் சுருளிவேல். பழ மண்டிக்காரர். மே 22 அன்று பக்கவாதம் வந்து விழுந்தார். மதியம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் மெதுவாகத் திரும்புகிறது. பேச்சு திரும்பவில்லை. இருபத்தெட்டு வருஷம் மண்டியில் நின்று ஏலம் கூவிய தொண்டை. தொண்டைக்கு ஒன்றுமில்லையாம், மூளையில் சொல் இருக்கிற இடத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் வந்துவிடும், அதற்குப் பிறகு கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். காலண்டரில் ஆகஸ்ட் 22-ஐ வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது அவரிடம் இருப்பது ஒரே ஒரு சொல். “அதான்.” பசிக்குதா என்றால் அதான். வலிக்குதா என்றால் அதான். நான் யாரு என்று கேட்டேன். அதற்கும் அதான்.

நேரம்: நாள் முழுக்க. சொல்: அதான். நான் செய்தது: தலையாட்டினேன்.

ஜூன் 13, வெள்ளி

ரெஹானா படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்தாள். மாம்பழம், ஆப்பிள், பசு, பேருந்து. அவர் எல்லாவற்றையும் பார்த்தார், கடைசியில் இடது கையால் ஒதுக்கித் தள்ளினார். மண்டியில் அழுகல் பெட்டியை இப்படித்தான் தள்ளுவார்.

நான் மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டேன். உத்தமபாளையத்தில் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு இருபத்துநான்கு கப்கேக். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சர்க்கரைப் பழம். ஐசிங் சுகரில் ஜெலட்டினும் குளுக்கோஸும் கிளிசரினும் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு போல வரும். அதில் நிறம் சேர்த்துப் பழம் உருட்டுவதுதான் என் பிழைப்பு. ஆர்டர் தருகிறவர்கள் ஃபாண்டன்ட் என்கிறார்கள், எனக்குச் சர்க்கரை மாவு. காற்றில் கிடந்தால் காய்ந்து வெடிக்கும், ஈரம் பட்டால் வேர்க்கும். எடுத்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இந்த வேலையின் கெட்ட குணம் அது.

ஜூன் 17, செவ்வாய்

ரெஹானா கிளம்பியதும் நோட்டை எடுத்தேன். உடனே எழுதுகிறேன்.

கப்கேக் பழங்களைத் தட்டில் காயவைத்து ஹாலில் வைத்திருந்தேன். ரெஹானா மாம்பழ அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டித் தட்டையே பார்த்தார். இடது கை விரலை நீட்டினார்.

“காசாலட்டு” என்றார்.

தெளிவாக. ஏலத்தில் சொல்கிற மாதிரி.

ரெஹானா நோட்டில் பெருக்கல் குறி போட்டாள். “மாம்பழம்னு சொல்லணும் சார். மா-ம்-ப-ழம்.”

“ஏம்மா, அவரு சரியாத்தான் சொல்றாரு. அந்தப் பெருக்கலை அடி,” என்றேன்.

மாம்பழத்தில் காசாலட்டு என்று ஒரு ரகம். சின்னதாக, உருண்டையாக இருக்கும். கப்கேக்குக்கு அளவாக இருக்கட்டும் என்று நான் உருட்டிய உருண்டை, மண்டிக்காரர் கண்ணுக்குக் காசாலட்டு. மாம்பழம் என்று பொதுவாகச் சொல்வது எங்களைப் போன்றவர்கள். அவர் வாழ்க்கையில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

ரெஹானா பெருக்கலை அழித்துவிட்டு டிக் போட்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

நேரம்: காலை 10.45. சொல்: காசாலட்டு. நான் செய்தது: அழுதேன். அப்புறம் “ஆமாங்க, காசாலட்டுத்தான்” என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

தினம் ஒரு பழம் செய்து காட்டச் சொல்கிறாள் ரெஹானா. நிஜப் பழத்தையே காட்டலாமே என்று அதையும் முயன்று பார்த்தோம். கடையில் வாங்கிய மாம்பழத்தைக் கையில் வாங்கினார், முகர்ந்தார், கடித்துவிட்டார். பேசவில்லை. சாப்பிட முடிகிற பொருளுக்குப் பெயர் எதற்கு என்று நினைத்திருப்பார்.

என் பழங்களை மட்டும் ஏற இறங்கப் பார்க்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவற்றைக் குறை சொல்லியே பழகியவர். “ஒரு அடிபட்ட தடம் இல்ல, ஒரு புள்ளி இல்ல. இதைப் போயி எவன் பழம்னு நம்புவான்?” என்பார். குறை சொல்லவாவது வாயைத் திறக்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

ஆரஞ்சு. உருண்டையைக் காய்கறி துருவியின் மேல் உருட்டினால் தோலில் குழி குழியாக விழும். காம்புக்கு ஒரு கிராம்பைத் தலைகீழாகக் குத்தினேன்.

நேரம்: 11.30. சொல்: கமலா. நான் செய்தது: கை தட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. முறைத்தார்.

ஜூன் 29, ஞாயிறு

சப்போட்டா (கோகோ பொடியில் புரட்டியது), செவ்வாழை, கொய்யா, மாதுளை. எல்லாம் சொல்லிவிட்டார். ஐந்து நாளில் நாலு சொல். காலண்டரைப் பார்க்க இப்போது பயமாக இல்லை.

ஜூலை 4, வெள்ளி

கேரளப் பக்கமிருந்து சாரல் வந்துவிட்டது. செய்து வைத்த அன்னாசி வேர்த்து ஒழுகியது. ஏசி அறையிலேயே வைத்துக் காட்டலாம் என்றாள் ரெஹானா. என் வேலை அறைக்கு அவரைக் கூட்டிப்போக எனக்கு மனமில்லை. அவருக்குக் குளிர் ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது கேட்டாள். “ஏன்க்கா, கம்பத்துல இருந்துக்கிட்டு ஒரு திராட்சை செய்ய மாட்டேங்குறீங்க? சாருக்கு அதானே முக்கியம்?”

“அச்சு உடைஞ்சுபோச்சும்மா.”

திராட்சைக்கு ஏது அச்சு. உள்ளங்கையில் வைத்து உருட்டினால் திராட்சை. மூன்று வயதுப் பிள்ளைகூடச் செய்யும்.

ஜூலை 11, வெள்ளி

ஒன்பது பழம் சொல்கிறார். ஒன்பது பழம் மட்டும்தான் சொல்கிறார்.

இன்று காலை “சப்போட்டா” என்றார். சந்தோஷமாகச் சப்போட்டாவை எடுத்து நீட்டினேன். “சப்போட்டா, சப்போட்டா” என்று கட்டிலைத் தட்டினார். இன்னொன்று கொண்டுபோனேன். அவர் முகம் சிவந்தது. பழத்தைத் தட்டிவிட்டார். அதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. பாத்ரூம் போக வேண்டும் என்பதற்கு அவருக்குக் கிடைத்த சொல் சப்போட்டா.

நான் கத்தினேன். ஒன்னுக்குன்னு கையைக் காட்டித் தொலைஞ்சா என்ன என்று கத்தினேன். வேட்டியை மாற்றும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு பிறவி எடுத்ததற்கு நான் செத்துப்போகலாம்.

நேரம்: 9.15. சொல்: சப்போட்டா. நான் செய்தது: மேலே இருக்கிறது.

ஜூலை 16, புதன்

மதினி வந்திருக்கிறார். என் கணவருடைய அக்கா லோகமணி, போடியில் இருக்கிறவர். பத்து நாள் இருந்து ஒத்தாசை செய்வதாகச் சொல்லி, வந்ததும் வராததுமாக அடுப்படியில் நுழைந்துவிட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆள் நடமாட்டம் இருப்பது நல்லதுதான்.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் மதினி சொன்னதைக் கேட்டேன். “எந்தம்பி பொழைச்சுக் கெடக்கான்னா அது வசுமதியாலதான். மதியம் விழுந்தானாம். விழுந்த நிமிசமே காரு புடிச்சுத் தேனிக்குக் கொண்டு போயிட்டாளே. வேற பொம்பளையா இருந்தா ஒப்பாரி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா.”

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

ஜூலை 18, வெள்ளி

அவர் விழுந்த அன்று காலையில் கை மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னது உண்மைதான். சும்மா பேச்சுவாக்கில் சொன்னது. பெட்டி தூக்கியிருப்பார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஜூலை 24, வியாழன்

நாவல்பழம் செய்தேன். பார்த்தவுடன் நாக்கில் நீர் ஊறுகிற மாதிரி அமைந்துவிட்டது. கருநீலம், மேலே ஆவி காட்டிய பளபளப்பு, கிராம்புக் காம்பு. தட்டில் எட்டு வைத்துவிட்டு போன் பேசப் போனேன்.

இருமல் கேட்டு ஓடிவந்தேன். ஒன்றை வாயில் போட்டிருக்கிறார். கஞ்சியும் குழைந்த சோறும் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை வியாதி வேறு. கண் பிதுங்கி, முகம் நாவல்பழ நிறமாகி, மூச்சு இழுக்கவில்லை. முதுகில் அறைந்தேன். விரலை விட்டுத் தோண்டினேன். என் விரலைக் கடித்துவிட்டார். கிராம்பு முதலில் வந்தது, பழம் பிறகு வந்தது.

மதினி அலமாரியிலிருந்த பழம் எல்லாவற்றையும் முறத்தில் அள்ளினார். காசாலட்டு, கமலா, செவ்வாழை எல்லாம். கொல்லைப்புறத்தில் கொட்டித் தண்ணீரை ஊற்றினார். “நெசம் மாதிரி செய்யணும்னு யாரு கேட்டா உன்னய?” என்றார் திரும்பி வந்து. அவர் கட்டிலில் கிடந்து “அதான், அதான்” என்று அழுதார். என் விரலில் பல் பதிந்த இடம் இப்போது வீங்கியிருக்கிறது. நன்றாக வலிக்கட்டும்.

ஜூலை 25, வெள்ளி

எதுவும் இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

எதுவும் இல்லை. கரைந்த சர்க்கரையில் கொல்லை முழுக்க எறும்பு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மதினியிடம் கெஞ்சி, பயிற்சி நேரத்தில் மட்டும், மேசைக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டாத தூரத்தில் வைக்கிறேன் என்று சத்தியம் செய்து ஒரு காசாலட்டு செய்தேன். அவர் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். வந்த ஒன்பதும் போய்விட்டன. இப்போது “அதான்”கூட இல்லை.

பத்து நாள் என்று வந்த மதினி போடிக்குத் திரும்பவில்லை. தம்பியை என்னோடு தனியாக விட்டுப்போக அவருக்குப் பயம். அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. காலையிலேயே அம்மன் கோயிலுக்குப் போனேன். கூட்டத்தில் நசுங்கி நிற்கும்போது வேண்டிக்கொண்டேன். அவர் வாயைத் திறந்துவிடு தாயே, தீச்சட்டி எடுக்கிறேன் என்று. வரிசை நகர்ந்தது. சன்னிதிக்கு நேரே வந்தபோது இன்னொன்றும் வேண்டினேன். பேச வை. ஆனால் அந்த நாளை மட்டும் அவர் மனசிலிருந்து எடுத்துவிடு.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் தோன்றியது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று அவள் சொன்னால் எதைக் கேட்பேன்? உடனே பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்னும் பத்து நாள்.

ரெஹானாவைப் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுவிடப் போனேன். வழியில், இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். அவள் நின்றுவிட்டாள்.

“ஒண்ணு கேக்கவாக்கா? சாரோட டிஸ்சார்ஜ் ஃபைலை நீங்க படிச்சீங்களா?”

“இங்கிலீசுல இருக்கு.”

“அதுல ‘காலை எட்டு மணியிலேருந்து அறிகுறி’ன்னு போட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்தது ரெண்டு மணி.” மெதுவாகச் சொன்னாள். “நான் முதல் நாளே பாத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல. சொல்றது என் வேலையும் இல்ல.”

டாக்டரிடம் நான்தான் தனியாகப் போய் எட்டு மணி என்று சொன்னேன். டாக்டர்தான், நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது என்றார். வெளியே வந்து மதினியிடம் மதியம் என்றேன். அந்த மதியம்தான் இந்த நோட்டிலும் முதல் பக்கத்தில் இருக்கிறது.

“உங்க பயம் அவருக்குத் தெரியுதுக்கா. அவரு வாயைத் திறக்கும்போதெல்லாம் நீங்க மூச்சைப் பிடிச்சுக்குறீங்க. நான் பாக்குறேன்ல,” என்றாள்.

பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 16, சனி

மதினி சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் வேலை அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். திறந்த கதவு வழியாக அவர் என் மேசையைப் பார்த்தார். மேசையில் ஒன்றுமில்லை, துடைத்து வைத்திருந்தேன்.

“திராட்சை” என்றார்.

இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு ஒரு சொல். கண் முன்னால் அந்தப் பொருள் இல்லாமல், மனசுக்குள்ளிருந்து தானாக எடுத்துச் சொன்ன முதல் சொல். ரெஹானாவுக்குப் போன் செய்தேன், அவள் அழுதேவிட்டாள். மதினி கற்பூரம் ஏற்றினார்.

நேரம்: மதியம் 1.20. சொல்: திராட்சை. நான் செய்தது: கதவைச் சாத்தினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்று முறை திராட்சை என்றார். மதினி கடைக்குப் போய்ப் பன்னீர் திராட்சை வாங்கிவந்து கொட்டை எடுத்துப் பிசைந்து கொடுத்தார். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். விரலை நீட்டி அறைக் கதவைக் காட்டுகிறார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

“வெள்ளிக்கிழமை செஞ்சு வைங்கக்கா,” என்றாள் ரெஹானா. “அச்சு உடைஞ்சுபோச்சுன்னு என்கிட்ட சொல்லாதீங்க.”

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் உட்கார்ந்தேன். எழுதிவிட்டுச் செய்வோம் என்று இதை எழுதுகிறேன். இதை எழுதாமல் கை மாவில் படாது.

மே 22 அன்று ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் வெள்ளி விழாக் கல்யாண நாள். மூன்றடுக்குக் கேக், மேலிருந்து கீழே திராட்சைக் கொத்து வழிய வேண்டும். பன்னிரண்டு மணிக்குக் கார் வரும். முந்தின நாள் சாயங்காலம் அவர் கேலி செய்தார். “தோட்டக்காரன் வீட்டுக்கே பொய்த் திராட்சையா? எங்கிட்டச் சொன்னா ரெண்டு பெட்டி நெசத் திராட்சை தந்திருப்பேன்ல.” எனக்குச் சுருக்கென்றது. இவர் வாயடைக்கிற மாதிரி ஒரு கொத்து செய்து காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இப்படியே நினைத்தேன், வாயடைக்கிற மாதிரி என்று.

எட்டு மணிக்கு மண்டியிலிருந்து சீக்கிரமே வந்தார். வலது கை மரத்துப்போன மாதிரி இருக்கு, தலையும் ஒரு மாதிரி இருக்கு என்றார். போய்ப் படுங்க, முடிச்சிட்டு வர்றேன் என்று கதவைச் சாத்தி ஏசியைப் போட்டேன். கொத்துக்கு நூற்றெண்பது திராட்சை. கூம்பு மாதிரி ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் ஈரம் தொட்டு ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். மாவு இளக்கமாக இருக்கும்போதே ஒட்டினால்தான் ஒன்றோடொன்று நெருக்கி அமரும்.

பத்து மணி வாக்கில் கூப்பிட்டார். “வசு” என்று. கேட்டது. காப்பிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை, சற்று நேரம் கழித்து. குரல் ஒரு மாதிரி குழறியது. அதுவும் கேட்டது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். இல்லை. இந்த நோட்டில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. கூப்பிட்டுக் கிடக்கட்டும் என்று நினைத்தேன். நேற்றுக் கேலி செய்தார் இல்லையா, கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று. அந்த நிமிஷம் எழுந்து போயிருந்தால் ஊசிக்கு நேரம் இருந்தது. மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

கார் வந்து கேக்கை ஏற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பெருமையோடு போட்டோவைக் காட்டத்தான் போனேன். பன்னிரண்டரை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். கண் திறந்திருந்தது. கதவைப் பார்த்த மாதிரி விழுந்திருந்தார்.

அவ்வளவுதான். எழுதியாகிவிட்டது.

பிற்பகல். திராட்சை செய்தேன். ஊதாவில் துளி கறுப்பு, துளி சிவப்பு. நூற்றெண்பது வேண்டாம், நாற்பது போதும். கடைசியில் மக்காச்சோள மாவை மெல்லிய துணியில் கட்டி மேலே தட்டினேன். நிஜத் திராட்சை மேல் சாம்பல் பூசின மாதிரி ஒரு படலம் இருக்கும். கல்யாணமான புதிதில் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் அவர்தான் காட்டினார். “காம்பைத்தான் புடிக்கணும். பழத்துல கை பட்டா இந்தச் சாம்பல் போயிரும். போனா மறுபடி வராது. எவன் கை பட்டாலும் மண்டியில கண்டுபுடிச்சிருவோம்,” என்றார். இத்தனை வருஷம் செய்ததில் இந்தக் கொத்துதான் நிஜத் திராட்சை மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஹாலில் நாலு பேரும் இருந்தோம். அவர் நாற்காலியில், ரெஹானா எதிரே, மதினி பக்கத்தில். வாய்க்குக் கொண்டுபோனால் பிடிக்க வேண்டும் என்று மதினி கையைத் தயாராக வைத்திருந்தார். நான் எவர்சில்வர் தட்டில் கொத்தைக் கொண்டுவந்து வைத்தேன்.

அவர் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. இடது கையால் காம்பை மட்டும் பிடித்துத் தூக்கினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எத்தனை ஆயிரம் கொத்துகளை அப்படிப் பார்த்தவர். மறுபடி தட்டில் வைத்தார். பிறகு ஒரு விரலால் ஒரே ஒரு திராட்சையைத் தேய்த்தார். சாம்பல் போய் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கூப்… கூப்பிட்டேன்” என்றார்.

ரெஹானாவின் பேனா நின்றது. மதினி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். “என் ராசா, பேசிட்டியேடா. யாரைடா கூப்பிட்ட? எப்படா கூப்பிட்ட?”

“ஏலத்துல ஆள் கூப்பிட்டதைச் சொல்றாரு, மதினி” என்று நான் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கே தெரிந்தது.

“என்னயத்தான் மதினி கூப்பிட்டாரு,” என்றேன். “அன்னைக்குக் காலையில. ரெண்டு தடவை. எனக்குக் கேட்டுச்சு. நான் போகல.”

“மதியம்னுல்ல சொன்ன?”

“பொய் சொன்னேன்.”

மதினி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்தார், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். “கேட்டுச்சுங்க,” என்று மறுபடி சொன்னேன்.

“கேட்டுச்சு,” என்றார் அவரும். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மேலும் கீழும் ஆட்டினார். மூன்று மாதமாக அவருக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்ததோ என்னவோ. மன்னித்த முகமாக அது இல்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

ரெஹானா நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். நேரமும் சொல்லும் அவளே எழுதியிருந்தாள். 10.20. கூப்பிட்டேன். மூன்றாவது கட்டத்தில் நான் எழுதினேன்: போகவில்லை என்று சொன்னேன்.

மாலை.

மதினி அவருக்கு மட்டும் சோறு ஊட்டிவிட்டுப் போடிக்குப் பஸ் ஏறிவிட்டார். திங்கட்கிழமை மகனோடு வந்து தம்பியை அழைத்துப் போகப்போவதாக, அவரிடம்தான், என் காதில் விழும்படி சொன்னார். அவர் இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்து அவர்தான் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் எனக்குச் சரி.

நாளைக்குக் கொடுக்க வேண்டிய கேக்குக்கு மாவு பிசைய உட்கார்ந்தேன். அறைக் கதவைச் சாத்தவில்லை. ஏசி வீணாக ஓடியது, சாரல் காற்று உள்ளே வந்து மாவு கையில் பிசுபிசு என்று ஒட்டியது.

“வசு.”

குரல் குழறத்தான் செய்தது. கையில் ஒட்டிய மாவோடு ஓடினேன். வாசற்படியில் கால் இடித்துக்கொண்டேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நீட்டித் தண்ணீர்ச் சொம்பைக் காட்டினார். தாகம், அவ்வளவுதான். ஸ்பூனில் எடுத்து மெதுவாகக் கொடுத்தேன். சொம்பு முழுக்க மாவு.

நேரம்: 4.05. சொல்: வசு. நான் செய்தது: போனேன். 4.05.